கோடு போட்ட கோட்டு

அம்மாவின் இரும்பு பீரோவுக்குக் கீழ்த்தட்டு இற்றுப்போய்விட்டது. வெல்டிங்குக்குக் கொடுப்பதற்காக, போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். இரண்டு பட்டுப்புடவை, யாரோ போர்த்திய சால்வைகள், ரப்பர் பேண்டு போட்ட பழைய ரசீதுகள். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு கல்யாணத்து மஞ்சப்பைக்குள் மடித்து வைத்திருந்தது அப்பாவின் கறுப்புக் கோட்டு. அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. உதறிக் கொடியில் போட்டுவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன சாமி, மூஞ்சியெல்லாம் கரி?" என்றாள் அம்மா.

உள்ளங்கையைப் பார்த்தேன். ஈரம் பட்ட இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கோட்டுக்குச் சாயம் ஏற்றி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா போயே பன்னிரண்டு வருடம். இன்னும் சாயம் போகிறது.

"அது போகும்" என்றாள் அம்மா, அப்பளம் நமத்துப்போவதைச் சொல்வது மாதிரி.

கோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் இன்னொன்றும் தெரியும். தோள்பட்டை, கைக்குழி, காலர், பாக்கெட்டு ஓரம் என்று தையல் ஓடிய இடமெல்லாம் பச்சைக் கோடு. கறுப்புத் துணியில் யாரோ இலைப்பச்சை பென்சிலால் படம் வரைந்த மாதிரி இருக்கும். அந்தக் கோடுகளால்தான் அப்பாவுக்கு மில்லில் ஒரு பட்டப்பெயர் வந்தது.

கோட்டு பிறக்கும்போது முழுப்பச்சை. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். பணி முடிந்து வெலிங்டன் வழியாக ஊர் வந்தவர், டிரங்குப் பெட்டியிலிருந்து இந்தக் கோட்டை எடுத்து, "மாப்பிள்ளை, முழு நைட்டுக்குப் போட்டுக்குங்க" என்று அப்பாவிடம் கொடுத்தார். கெட்டியான பருத்தித் துணி. நனைத்தால் இரண்டு ஆள் பிடித்துத்தான் பிழிய வேண்டும்.

முழு நைட் என்றால் என்ன என்று இன்றைக்குக் கோயமுத்தூர்க்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1888ல் ஸ்டேன்ஸ் துரை முதல் நூற்பு மில்லைத் தொடங்கியதிலிருந்து, முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்து வரிசையாக மில்கள் முளைத்ததிலிருந்து, இந்த ஊர் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்ததில்லை. சங்கில் கேட்டது. பகல் ஷிப்ட், பாதி ராத்திரி வரை அரை நைட், விடியற்காலை வரை முழு நைட். அப்பா ஸ்பின்னிங்கில் சைடர், மெஷினில் அறுந்த நூலை ஒட்டுகிறவர். உள்ளே வேகும். பஞ்சு பறக்கக்கூடாது, நூல் அறக்கூடாது என்று ஈரக்காற்று விட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டிலிருந்து விடியற்காலை சைக்கிளில் வெளியே வந்தால், மார்கழியில் பல் கிட்டிக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளும். கோட்டு அவசியம்தான்.

மாமா அகலமானவர், அப்பா ஒல்லி. சிங்காநல்லூரில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, எல்லாத் தையலையும் பிரித்து அளவு குறைத்து மறுபடி தைத்தார்கள். "மொரட்டுத் துணிங்க, சாதா நூல் நிக்காது" என்று தையல்காரர் பச்சை டெரிலின் நூல் போட்டார். அந்த நூல் பின்னால் இப்படி ஒரு வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பா அதை ஒரு வாரம்தான் போட்டார். கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். டீக்கடையில், "ஏனுங்க, பார்டர்ல இருந்து நேரா வர்றீங்களா?" என்றார்கள். அப்பா கூச்ச சுபாவி. தன்னைப் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எட்டாம் நாள் கோட்டு ஆணியில் தொங்கியது, அவர் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு நாள் பொறுத்தாள்.

"ஏனுங்க, கருப்பாக்கிட்டாப் போட்டுக்குவீங்களா?"

"கருப்புன்னா வக்கீலும்பாங்க."

"மிலிட்டரிக்கு வக்கீல் தேவல" என்றாள் அம்மா. முடிவாகிவிட்டது.

அம்மா சென்னிமலைக்காரி. சென்னிமலை பெட்ஷீட் போர்த்திப் படுக்காத கொங்கு வீடு அந்தக் காலத்தில் உண்டா? அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அங்கே கைத்தறிக்கு நூல் சாயம் போட்டவர். சிட்டம் சிட்டமாக நூலைத் தடியில் கோத்துத் தொட்டியில் முக்கிப் புரட்டுவார். காஸ்டிக்கும் ஹைட்ரோசும் போட்ட அந்தத் தொட்டியிலிருந்து நூல் வெளியே வரும்போது ஒரு நிறம், காற்றுப் படப்பட இன்னொரு நிறம். மஞ்சள்பச்சையாக வந்தது கண்ணெதிரே நீலமாக மாறுவதைச் சின்ன வயதில் பார்த்து, அப்புச்சிக்கு மந்திரம் தெரியும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாளாம். அதுதான் கெட்டிச் சாயம். பெட்ஷீட் நார்நாராகக் கிழிந்தாலும் நிறம் நிற்கும். வீட்டில் அந்தக் காரத்தை வைத்து வேலை செய்ய முடியாது. அதனால் அம்மா போனது பொட்டலச் சாயத்துக்கு.

பெரியகடை வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடுக்காய், படிகாரம், சாம்பிராணி வாசத்துக்கு நடுவே சின்னத் தராசில் கறுப்புப் பொடியை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் கடைக்காரர். உண்மையில் அந்தப் பொடி கறுப்பாகவே இல்லை, செம்பு கலந்த பழுப்பு. "துணி என்ன நெறமுங்க?" என்று கேட்டார். பச்சை என்றதும் ஒரு பொட்டலம் கூடுதலாகப் போட்டார். வெளுப்பிலிருந்து கருமைக்குப் போகலாம், கருமையிலிருந்து வெளுப்புக்கு வர முடியாது. பச்சை மேல் மஞ்சள் போட்டாலும் பச்சை, சிவப்புப் போட்டால் பழுப்பு. கறுப்பு ஒன்றுதான் எதையும் மூடும். மூடினாலும் வெயிலில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். இதெல்லாம் அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா எனக்குச் சொன்னது.

அந்தக் கறுப்பு எந்தக் குடும்பம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னெல்லாம் பருத்தியில் நிறம் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் படிகாரமோ கடுக்காயோ போட்டுத் துணியைப் பழக்க வேண்டும். 1880களில் ஜெர்மனியில் பால் போட்டிகர் என்பவர் ஒரு சிவப்பைக் கண்டுபிடித்தார். வெந்நீரும் உப்பும் போதும், நேராகப் பருத்தியில் ஏறிக்கொள்ளும். அதனால் அந்த வகைக்கே டைரக்ட் சாயம் என்று பெயர். அந்த முதல் சிவப்புக்கு வைத்த பெயர் காங்கோ ரெட். முதன்முதல் படித்தபோது கொங்கு ரெட் என்றே வாசித்துப் பெருமைப்பட்டேன், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாயம் முக்கிய நாள் எனக்குப் படம் மாதிரி நினைவிருக்கிறது. முதல் நாள் ராத்திரியே கோட்டைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடம் நிறம் குடிக்காது. விடிந்ததும் பொடக்காளியில் மூன்று கல் கூட்டி, மேல்பக்கம் வெட்டிய டால்டா டின்னை வைத்து விறகு மூட்டினாள். தண்ணீர் சிறுவாணி. எங்கள் வீதிக் குழாயில் அது வருவதே இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதில் நான்கு குடத்தைச் சாயத்துக்கா என்று பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பிளந்தார். போர்த் தண்ணியில் போட்டால் திட்டுத் திட்டாகும், அப்புச்சியே மழைத்தண்ணி பிடித்து வைத்துத்தான் நல்ல சாயம் போடுவார் என்று அம்மா நகரவில்லை.

பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கூழாகக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி டின்னில் ஊற்றினாள். அப்புறம் நனைந்த கோட்டு. காய்ந்த துணியைப் போடக்கூடாது. உப்பை முதலிலேயே கொட்டக்கூடாது, கொட்டினால் சாயம் அவசரப்பட்டு மேலாக ஒட்டிக்கொள்ளும். துணி நிறத்தைக் கொஞ்சம் குடித்த பிறகு ஒரு கை கல்லுப்பு, கால் மணி கழித்து இன்னொரு கை, கடைசியாக ஒன்று. அதுவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பு விழுந்து நின்றால் அங்கே வெளிறிப்போகும். வேப்பங்குச்சியால் கிளறிப் போதாமல் அம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு கையாலேயே புரட்டினாள். வெறுங்கை. ஆவியில் ஒரு வாசம் வந்தது. நனைந்த சாக்கும் சூடான இரும்பும் சேர்ந்தது போல. அதே வாசம் அந்துருண்டையைத் தாண்டி அன்றைக்கு பீரோவிலும் இருந்தது.

ஒரு வாரம் அம்மா கை முழங்கை வரை கறுப்பு. தோசை மாவு கரைக்க என் அக்காவை விட்டாள். அந்தக் கறுப்புகளில் பென்சிடின் என்ற சரக்கிலிருந்து செய்தவை உண்டு, அந்தச் சரக்கோடு வேலை செய்தவர்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வந்தது, அதனால் உலகம் அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கியது, ஜெர்மனி 1994ல் இந்த வகைச் சாயங்களுக்குத் தடை போட்டபோது திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் சாயக்கடைகளைத் தலைகீழாகப் புரட்டினார்கள். இதெல்லாம் பிறகு படித்ததும் கேட்டதும். எங்கள் பொட்டலத்தில் என்ன இருந்ததோ, காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று, முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போது ஒரு மாதிரி இருக்கிறது.

பிழிந்து நிழலில் காயப்போட்டாள். மணிக்கு ஒருதரம் தலைகீழாக மாற்றித் தொங்கவிட்டாள். இல்லாவிட்டால் சாயமெல்லாம் கீழே இறங்கி ஓரம் மட்டும் கறுத்துவிடும். பொழுதோட அப்பா எழுந்து வந்து பார்த்தார். கோட்டு நன்றாகவே கறுத்திருந்தது. தையல் மட்டும் அப்படியே பச்சை. டெரிலின் நூல் ஒரு துளி கூடக் குடிக்கவில்லை. இரண்டாவது பொட்டலத்தையும் போட்டு இன்னொரு முறை காய்ச்சினாள். கறுப்பு இன்னும் கறுத்தது, பச்சை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"கோடு போட்ட கோட்டுக்காரர்" என்று மில்லில் பெயர் வைத்தார்கள். அது பொறுக்கக்கூடிய கேலி. பிரச்சினை பஞ்சு. ஸ்பின்னிங்கில் கறுப்புக் கோட்டை மாட்டி வைத்தால் எட்டு மணி நேரத்தில் ஆட்டுத்தோலாகிவிடும். அப்பா அதைக் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கொடுத்து வைத்துவிட்டு உள்ளே போவார்.

முதல் மழையில் குட்டு உடைந்தது. ஐப்பசி, விடியற்காலை நாலரை. அப்பா நனைந்து வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டியில் இடுப்பிலிருந்து கறுப்பு வழிந்து பாதம் வரை. கழுத்து கறுப்பு, காது கறுப்பு. அப்போது வந்திருந்த அம்மாயி, அம்மாவின் அம்மா, விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட சாமி, மாப்பிள்ளைங்களைக் காக்கா கொத்திட்டு வந்து போட்டாப்பல இருக்குதே" என்றாள். நீலத்தொட்டியில் விழுந்து ராஜாவான நரியின் கதையை அன்றைக்கு முதல்நாள்தான் பள்ளியில் படித்திருந்தேன். சிரித்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் அடித்த இரண்டே அடிகளில் அது ஒன்று.

அம்மாயி ஒரு வழி சொன்னாள். கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரில் துணியைத் தோய்த்துக் காயவைத்து, அப்புறம் அன்னபேதி என்ற இரும்பு உப்பு கரைத்த நீரில் முக்கினால் கறுப்பாகும், எந்த மழைக்கும் அசையாது. பழைய எழுத்து மை மாதிரிதான் அது. அம்மாவுக்கு அரைமனது. சோதித்துப் பார்க்க இரண்டு பாக்கெட்டு மூடிகளை மட்டும் பிரித்து அப்படிச் செய்து தைத்தாள். அம்மாயி சொன்னது சரி. இன்று வரை அந்த மூடிகளில் சாயம் போகவில்லை. ஆனால் மூடிகளே போய்விட்டன. பீரோவிலிருந்து எடுத்தபோது தொட்ட இடம் பொரிந்து உதிர்ந்தது. இரும்பு உள்ளே இருந்தால் பருத்தியை மெதுவாகத் தின்னும் என்று அம்மாயிக்குத் தெரியவில்லை, அவள் காலத்தில் எந்தத் துணியும் நாற்பது வருடம் பீரோவில் இருந்ததில்லை.

அப்பா சாயத்துக்குத் தோதாக மாறிக்கொண்டார். மழை வந்தால் கோட்டின் மேல் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொள்வார். உள்ளே கறுப்பு பனியன். வெள்ளை வேட்டி போய்க் கைலி வந்தது. ஒரு கோட்டுக்காக ஒரு மனிதர் மற்ற உடுப்பெல்லாம் மாற்றியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இதில் எதிர்பாராதது ஒன்று, அம்மாவுக்கு வந்த பெயர். அந்த வருடக் கார்த்திகைக்கு நான்கு நாள் முன்னால் எதிர்வீட்டுக்காரர் இரண்டு வெள்ளை வேட்டியோடு வந்தார். ஐயப்பனுக்கு மாலை போடுகிறார், கறுப்பு முக்கித் தர வேண்டும். அடுத்த வருடம் பன்னிரண்டு பேர். கறுப்பு கேட்பவர்கள், கருநீலம் கேட்பவர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சையும் காவியும் கேட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுக்கிறவர்கள் காவி. காவிக்கு மட்டும் பொட்டலம் வேண்டாம் என்று காவி மண்ணைக் கரைத்தே தோய்த்துக் கொடுத்தாள். காசு வாங்கியதில்லை. மலையிலிருந்து வந்த அரவணைப் பாயசமும் பஞ்சாமிர்தமும் எங்கள் வீட்டில் போசி போசியாக இருந்தன. ஒரு மண்டலம் முடிந்தபின் எங்கள் வீதியில் வெள்ளைச் சுவருள்ள திண்ணை எல்லாம் முதுகு உயரத்துக்குக் கறுத்திருக்கும். இப்போது கார்த்திகை பிறந்தால் ஒப்பணக்கார வீதியில் ரெடிமேடாகக் கறுப்பு வேட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாயம் முக்கத் தெரிந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கழிவுத்தண்ணீரை எல்லாம் அம்மா வாழை மரத்தடியில் ஊற்றினாள். மிஞ்சியது வீதிச் சாக்கடையில் ஓடியது. கார்த்திகை மாதம் எங்கள் சாக்கடை மட்டும் கறுப்பாகப் பளபளக்கும். நான் காகிதக் கப்பல் விட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். சாக்கடை எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்டபோது, "பள்ளத்துக்கு. அங்கிருந்து நொய்யல் ஆத்துக்கு" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை அப்பா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நொய்யல் பிறக்கிற இடத்துக்கும் போவார். சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி. பேரூர், ஆலாந்துறை வழியாகப் பூண்டி. அங்கே மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை. பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, பீமன் களியுருண்டை தாண்டினால் குளிர் எலும்பைப் பிடிக்கும். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அதில் முங்கிக் குளித்துவிட்டு ஈர உடம்போடு கோட்டை மாட்டிக்கொண்டு ஏழாவது ஏறுவார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் சாயம். அம்மா சாயமேற்றிய கோட்டு பத்துப் பதினைந்து தடவை சிகரம் தொட்டது. அம்மா பூண்டி அடிவாரக் கோவிலைத் தாண்டிப் போனதில்லை. வயதுப்பெண்கள் மலையேறும் வழக்கம் அன்று இல்லை, அந்த வயதைத் தாண்டியபோது முட்டி தளர்ந்துவிட்டது.

நொய்யலின் மறுபக்கத்தையும் அம்மா வீட்டார் மூலமாகத்தான் அறிந்தேன். பெரிய மாமா மகன், எனக்கு மச்சான், திருப்பூரில் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். விஞ்ச் மெஷினில் தொடங்கி சாஃப்ட் ஃப்ளோ வரை பார்த்தவர். அங்கே ஓடுவது ரியாக்டிவ் சாயம், 1956ல் இங்கிலாந்தில் வந்தது. பருத்தியோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும், எங்கள் கோட்டு மாதிரி கழுத்தில் இறங்காது. ஆனால் அது துணிக்குள் போக உப்பு வேண்டும். அம்மா மூன்று கை போட்டாள். அவர்கள் கறுப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60லிருந்து 100 கிராம் வரை போட்டார்கள். ஒரு பனியன் துணியில் ஒரு பருக்கை உப்புகூடத் தங்காது. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தையாவது பிடித்து வடிகட்டலாம், கரைந்த உப்பை எப்படிப் பிடிப்பது?

அது நொய்யல் வழியாகப் போய்ச் சேர்ந்த இடம் சென்னிமலைக்குப் பக்கத்து ஒரத்துப்பாளையம். 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய அணை சில வருடங்களில் சாயத்தண்ணீர்த் தேக்கமாகிவிட்டது. சின்னம்மா தோட்டம் அந்தப் பக்கம். கிணற்றில் நுரை, தேங்காய் எலுமிச்சை அளவு, மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்புச்சி மழைத்தண்ணி பிடித்துச் சாயம் போட்ட ஊருக்குச் சாயமே தண்ணீராக வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கும் மேல். துளிக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம். மச்சான் பல மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் சின்னம்மாவும் அவரும் ஒரு கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்ததை நான் பார்த்தேன். இப்போது உப்பையே தண்ணீரிலிருந்து காய்ச்சி எடுத்து மறுபடி போடுகிறார்கள் என்று மச்சான் சொல்கிறார். செலவு பெரிது, ஆனால் நடக்கிறது.

கோட்டைக் கொடியில் போட்ட அன்றே தங்கை மகன் வந்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, சித்திரையில் நண்பர்களோடு முதல்முறை வெள்ளியங்கிரி போகிறான். அதற்காக ஒரு ஜாக்கெட் வாங்கியிருந்தான். இறகு கனம், மழைத்துளி உருண்டு ஓடும். ஆரஞ்சு நிறம் என்பதால் பாதி விலை. அவனுக்கோ கறுப்புதான் வேண்டும்.

"மாமா, தாத்தா கோட்ட அம்மாயிதான வீட்லயே கலர் மாத்துச்சு? இதையும் மாத்தலாமா?"

அம்மா ஜாக்கெட்டை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். காதருகே வைத்துச் சரசரப்பைக் கேட்டாள். "இது துணியில்ல சாமி, பிளாஸ்டிக். குடிக்காது."

அவன் யூட்யூபில் பார்த்துவிட்டு வந்தவன், கேட்பானா? பொட்டலம் வாங்கி, எவர்சில்வர் போசியில், கேஸ் அடுப்பில் காய்ச்சினான். உப்பும் போட்டான், முதலிலேயே. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து அலசியபோது கறுப்பெல்லாம் தொட்டியில் இறங்கிவிட்டது. ஜாக்கெட் சுத்தமான ஆரஞ்சு. தொப்பியில் கோத்திருந்த பருத்தி நாடா ஒன்றுதான் கன்னங்கரேல் என்றிருந்தது. அப்பாவுக்குத் தையல் மாறாமல் போனது, இவனுக்கு நாடா மட்டும் மாறியது. அம்மா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "பாலியெஸ்டருங்க அது. அதுக்கு டிஸ்பர்ஸ் சாயம். 130 டிகிரி வேணும். தண்ணி 100லயே கொதிச்சுப்போகும், பிரஷர் மெஷின்லதான் ஏத்த முடியும். குளிர்பான பாட்டிலும் அதுவும் ஒரே வம்சம். மேல தண்ணி ஒட்டாத பூச்சு வேற. நைலானா இருந்தாலாவது வினிகர் ஊத்தி ஆசிட் சாயத்துல வீட்லயே பார்க்கலாம். லேபிளப் பார்த்துட்டு அடுப்பப் பத்த வைக்கச் சொல்லுங்க." அப்பா கோட்டின் பச்சை நூலும் அதே பாலியெஸ்டர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்தில் 1941ல் கண்டுபிடித்து டெரிலின் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

தோற்றுப்போனவன் கொடியில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோள் சரியாக இருந்தது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அந்தப் பச்சைக் கோடுகளைக் காட்டி, "இப்படித் தைக்கிறதுக்கே தனி விலை மாமா" என்றான். அப்பா கேட்டிருந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்.

சித்திரையில் அதைத்தான் போட்டுக்கொண்டு மலையேறினான். மறுநாள் மத்தியானம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நடக்க முடியாமல் திண்ணையில் சாய்ந்தான். அம்மா அவன் தலையைக் குனிய வைத்துக் கழுத்தைப் பார்த்தாள்.

"ஆண்டி சுனையில குளிச்சயா?"

"எப்படித் தெரியும் அம்மாயி?"

அவள் பதில் சொல்லவில்லை. கோட்டை வாங்கி உப்புத்தண்ணீரில் நனைத்து, என்னைப் பிழியச் சொல்லி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். காய இரண்டு நாள் ஆகும், கீழே தரை கறுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வெள்ளை வேட்டியில் வர வேண்டாம்.